‘நமக்கு எதுக்குங்க இதெல்லாம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேல்ரோட்டுக்காரர்களுக்கு, கீழ்ப் படிக்கட்டுக்காரர்களுக்கு, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்களுக்கு, படுகர் ஊரான ஹட்டியிலிருந்து தினமும் டவுனுக்கு வந்து போகிறவர்களுக்கு,

வணக்கம்.

நீலகிரியில் ஒரு மலை நகரத்தில் தையல் கடை வைத்திருப்பவள் நான். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சொல்லப்போகும் கதையில் ஒன்றிரண்டு இடத்தில் எனக்கு மனக்குறை உண்டு. அதற்காக எந்த அலுவலகத்தையும் சந்தியில் இழுத்துவிடும் எண்ணம் இல்லை. இந்த மடல் அதிகாரிகளுக்கு எழுதியதும் இல்லை. உங்களுக்குத்தான்.

கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவோடு நிறுத்துவதில்லை. மேல்ரோட்டுக் குழாய் மூன்று நாளாக உடைந்து ஓடுகிறது. படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. நேற்று ராத்திரி கரடி வந்து கதவைப் பிராண்டியது. கவுன்சிலர் போனை எடுப்பதே இல்லை. எல்லாம் உண்மைதான். நானும் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு ‘ம்’ கொட்டுவேன். ஆனால், ‘அக்கா, வார்டு குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நூல் மாதிரி அறுந்துவிடும். ‘நமக்கு எதுக்குங்க இதெல்லாம்?’ அப்புறம் ரவிக்கை என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தக் கேள்விக்குக் கடையில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், மழை நாளில் படியுங்கள்.

நானும் அப்படிச் சொன்னவள்தான். என் சின்ன மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆள் சேர்த்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தலைமையாசிரியர் கேட்டார், மறுக்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு கூட்டத்திலும் பிஸ்கட் சாப்பிட்டேன், டீ குடித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில், பிள்ளைகள் காலையில் தாமதமாக வருகிறார்கள், பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்று பேச்சு வந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்து மினி பஸ் ஏழாவது வளைவு தாண்டவே ஒன்பது பத்து ஆகும். பிள்ளை எப்படி ஒன்பது மணிக்கு வரும்? சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் இருந்த ஒருவர்கூட அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. அதே விஷயத்தை பஸ் டிரைவரிடம் நான் இருபது தடவை சொல்லியிருப்பேன். அவர் பாவம், சிரித்துக்கொண்டே கியர் போடுவார். அன்றைக்குத் தலைமையாசிரியர் அதைத் தீர்மானமாக எழுதி, நம்பர் போட்டு, நகல் எடுத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து பஸ் இருபது நிமிடம் முன்னால் வந்தது.

அது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் வாயால் சொன்னதற்கும் நோட்டில் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. இந்த மடலில் நான் சொல்ல வந்ததும் அந்த ஒரு விஷயம்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் நம்மோடு நிற்கிறது. அது, கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏற்றுவதற்கு அந்த அறையில் ஒரு நாற்காலியில் நம் ஆள் உட்கார வேண்டும்.

அப்புறம் வார்டு குழு. இதற்கான சட்டம் நேற்று வந்ததில்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத்தான் கட்டாயம் என்று எழுதிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியில் 88,430 பேர், குன்னூரில் 45,494 பேர். மாவட்டம் முழுவதையும் கூட்டினாலே 7,35,394தான். மூன்று லட்சத்துக்கு ஓர் ஊர் எங்கே போகும்? டீ தோட்டத்தில் மேய்கிற காட்டெருமைகளையும் சேர்த்து எண்ணினாலும் வராது. ‘அந்தக் காலம் மலையேறிவிட்டது’ என்பார்கள். இந்தச் சட்டம் முப்பது வருஷமாக மலையேறவே இல்லை.

2022இல்தான் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. மாநகராட்சி மட்டுமல்ல, நகராட்சி, பேரூராட்சிக்கும் அவை பொருந்தும். அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று தாம்பரம் பக்கத்தில் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமத்தில் கிராம சபை எப்படியோ, டவுனில் பகுதி சபை அப்படி. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் பகுதி சபை. பகுதிக்கு ஒருவரை நகர்மன்றம் வார்டு குழுவுக்கு நியமிக்கும். அந்தக் குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர்.

எங்கள் பகுதிக்கு என்னைப் போட்டார்கள். எப்படி என்று கேட்கிறீர்களா? கவுன்சிலர் வீட்டுத் துணி முழுக்க என் கடையில்தான் தைக்கிறது. ஒளிப்பானேன், அதுதான் என் தகுதி. நோட்டீஸ் ஒட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. இதில் எனக்கே கூச்சம் உண்டு. நாளைக்கு இந்த இடம் காலியானால் பலகையில் ஒட்ட வேண்டும், பத்துப் பேர் பெயர் கொடுக்க வேண்டும், அதில் ஒருவரைப் போட வேண்டும். பெயர் கொடுக்கப் பத்துப் பேர் இல்லாதவரை, தெரிந்த தையல்காரியைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

முதல் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். தண்ணீர், நாய், குப்பை, பார்க்கிங், எல்லாம். அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்து மினிட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ‘வார்டின் பொதுப் பிரச்சினைகள் விவாதிக்கப்பட்டன.’ ஒரே வரி. கீழே எங்கள் கையெழுத்து. இரண்டு மணி நேரப் பேச்சு நான்கு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. முதல் தடவை தண்ணீரில் போட்ட பருத்தித் துணிகூட இவ்வளவு சுருங்காது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும், ‘சார், இதை எப்படி எழுதப் போறீங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க’ என்று கேட்பேன். எழுதுகிறவருக்கு எரிச்சல்தான். கூட இருந்த உறுப்பினர்களுக்கும் எரிச்சல்தான், பஸ் போய்விடுமே என்று. ஆனால் படித்துக் காட்டினால் நாம் சொன்னது அதில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு எழுதுவார்கள்.

இனி ஓடைக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் 112 படி உள்ள படிக்கட்டு ஒன்று இருக்கிறது. மேலே ரோடு, கீழே லைன் வீடுகள். கீழ் வீட்டில் இருக்கும் பாட்டி 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் கொழுந்து பறித்தார். ஒருநாள் பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுக்கப் போனபோது சொன்னார்: ‘இந்தப் படிக்கட்டு இருக்கிற இடத்துல ஓடை இருந்தது பிள்ளை. நாங்க துணி துவைச்ச கல்லு அந்த நாப்பதாவது படிக்கு அடியிலதான் கிடக்கு.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019 ஆகஸ்ட் 8 நினைவிருக்கும். அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஊரில் அந்த அளவு இல்லை. ஆனால் அந்த வாரம் பாட்டி வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீர் சுவரடியிலிருந்து ஊறி வந்து அடுப்படி வழியாக வெளியே போனது. எல்லோரும் கூரை ஒழுகல் என்று நினைத்தோம். ஓடை தன் பழைய வழியைத் தேடி வந்திருக்கிறது என்பது பாட்டிக்கு மட்டும் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்?

2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கும் மேல் செத்தார்கள். அதை அனுபவித்த ஊரில், மழைக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் சொல்லும் அபாயகரமான இடங்களின் எண்ணிக்கை 283. அந்த எண்ணைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் நம் படிக்கட்டு அதில் இருக்கிறதா என்று நினைப்பேன். ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாலடி மண்மேடு, மூடிப்போன ஓர் ஓடை, ஊற்றெடுக்கிற ஒரு மூலை, இவையெல்லாம் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் படாது. அவர் சோம்பேறி என்பதால் இல்லை. அவர் வருவது வெயில் நாளில்.

குழுவில் பாட்டி சொன்னதைச் சொன்னேன். ‘ஆதாரம் இருக்கா?’ என்றார் ஒருவர். வரைபடத்தில் ஓடை இல்லை. ‘பாட்டிதான் சார் ஆதாரம்’ என்றேன். சிரித்தார்கள். பரவாயில்லை, எழுதுங்கள் என்றேன். கடைசியில் இப்படி எழுதினார்கள்: ‘நாற்பதாவது படிக்கட்டுக்குக் கீழே முன்பு ஓடை ஒன்று இருந்ததாகவும், தற்போது அந்த இடத்தில் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்று மட்டுமே உள்ளதாகவும், கனமழையில் கீழ் வீடுகளுக்குள் நீர் புகுவதாகவும் குடியிருப்போர் தெரிவித்தனர்.’ தெரிவித்தனர், அவ்வளவுதான். செய்கிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அப்போதிருந்த இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் சமவெளிக்காரர், சின்னப் பையன், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவார். ஒருநாள் அளவு டேப்போடு என் கடை வாசலில் நின்றார். ‘அம்மா, பழைய மினிட் புக்ல நாற்பதாவது படின்னு எழுதியிருக்கே, மேலேருந்து எண்ணணுமா கீழேருந்தா?’

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலிருந்து என்று எழுத வைக்க மறந்துவிட்டேன், பாருங்கள்.

பாட்டி கதவோரம் உட்கார்ந்து கை நீட்டிக் காட்ட, இரண்டு ஆட்கள் தோண்டினார்கள். துணி துவைத்த கல் கிடைத்தது. ஒன்பது அங்குலக் குழாயை எடுத்துவிட்டு இரண்டடிக் குழாய் போட்டார்கள், நாற்பதாவது படியிலிருந்து கீழே மட்டும். அதற்கு மேலே இருக்கும் நிலம் வேறு துறையுடையதாம். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாதி வேலைதான். ஆனால் போன மழைக்குப் பாட்டியின் அடுப்படி காய்ந்திருந்தது.

எதற்காக இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அதிகாரிகள் மாறிப் போவார்கள். மலைக்கு மாற்றலாகி வருகிறவர்களில் பாதிப் பேர் வந்த அன்றே கீழே போவதற்கு மனு எழுதுகிறார்கள். ஊரைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டதும் அவர்களோடு பஸ் ஏறிவிடும். மினிட் புத்தகம் மட்டும் பீரோவிலேயே இருக்கிறது.

தோற்றதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதே படிக்கட்டில் ஒரு விளக்கு கேட்டோம். ஐந்து கூட்டம், ஐந்து பதிவு. கம்பம் ஒரு துறை, பல்பு இன்னொரு துறை, இடம் மூன்றாவது துறை. இன்றைக்கும் இருட்டுத்தான். பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் இறங்குகிறார்கள், ஒரு கையில் டார்ச், மறு கையில் கரடிக்குத் தட்டிச் சத்தம் போட ஒரு டப்பா. இன்னொரு தடவை, தடுப்புச் சுவர் எங்கே வேண்டும் என்று குழுவில் ஒருமனதாகச் சொன்னோம். சுவர் கட்டினார்கள். நாங்கள் சொன்ன இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி. ஏன் என்று எந்தக் கூட்டத்திலும் பதில் வரவில்லை.

ஆலோசனைக் குழு என்றால் ஆலோசனைதான். நாம் சொல்வதை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சம்பளம் கிடையாது, வண்டி கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜும் கிடையாது. ‘அப்படின்னா வெட்டி வேலைதானே?’ என்று என் வீட்டுக்காரரே கேட்டார். வெட்டி வேலை இல்லை. எழுத்தில் இருக்கிற ஒன்றை மறுக்க அவர்களும் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு, முப்பது நாளில் பதில். சுவர் ஏன் தள்ளிப் போனது என்று இப்போது அப்படித்தான் கேட்டிருக்கிறோம். தீர்மானத்தின் தேதியும் எண்ணும் கையில் இருந்ததால் கேள்வி ஒரே வரியில் முடிந்தது. வெறும் கையோடு ‘எங்க வார்டுல சுவர் சரியில்லை’ என்று எழுதினால், எந்தச் சுவர், யார் சொன்னது என்று நமக்கே திருப்பிக் கேள்வி வரும்.

சரி, வார்டு குழு பிடிக்கவில்லையா? வேறு நாற்காலிகளும் இருக்கின்றன. மார்க்கெட் பக்கம் காரட், பீட்ரூட், கம்பளித் தொப்பி விற்கிற அக்காமார்கள் இதைக் கவனியுங்கள். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த ரோட்டில் கடை போடலாம், எங்கே கூடாது என்பதை அந்தக் குழுவைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. சீசன் வந்தால் தள்ளுவண்டியைத் தூக்கு, மந்திரி வந்தால் தொப்பிக் கடையை மூடு என்று உங்களை விரட்டும்போது, குழுவில் இது எப்போது முடிவானது, மினிட்டைக் காட்டுங்கள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. இருபது வருஷமாக அந்த ரோட்டில் நிற்கிற ஒருத்தியாக இருந்தால் போதும்.

ஹட்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னொன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊரில் உள்ள செடி, மரம், பூச்சி, விதை, அவற்றை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் மக்களைக் கேட்டே ஒரு பதிவேடு தயாரிப்பது அதன் முக்கியமான வேலை. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டது நம் மலையை வைத்துத்தான். தவிட்டுப் பழம் எந்தச் சரிவில் காய்க்கும், எந்தக் கீரையைச் சேற்றில் பறிக்கலாம், எந்தப் புல் கூரைக்கு ஆகும் என்று படுகு மொழியிலும் குறும்பர் பேச்சிலும் இருக்கிற பெயர்கள் காலேஜ் படித்தவர்களுக்குத் தெரியாது. என் பேத்திக்குத் தவிட்டுப் பழமே தெரியாது, ஸ்ட்ராபெர்ரி தெரியும். பெரியவர்கள் போய்விட்டால் பதிவேட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

ரேஷன் கடைக்கு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கண்காணிப்புக் குழு உண்டு. நூலகத்துக்கு வாசகர் வட்டம் உண்டு. காட்டை ஒட்டிய ஊர்களில் 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழு இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் அதன் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

கிராம ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை, இனி யாரிடம் கேட்பது என்று அப்போது பலர் கை விரித்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபையில் உறுப்பினர் நீங்கள்தான். அதற்கு யாரும் உங்களை நியமிக்க வேண்டியதும் இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் சரி.

நீங்கள் வராததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் குழுவின் முதல் மூன்று கூட்டம் வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் கூலி. பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில் யார் ஒரு நாளை விடுவார்கள்? மாலை ஐந்துக்கு மாற்றச் சொன்னோம். பனி இறங்கி, கடைசி பஸ் போய், வழியில் காட்டெருமை நின்றுவிட்டது. இப்போது ஞாயிறு மதியம் இரண்டு மணி. டிவி சினிமாவோடு போட்டி, ஆனாலும் ஆள் வருகிறது. இந்த நேர மாற்றத்தை வாங்கவே மூன்று கூட்டம் ஆனது. உங்கள் வார்டிலும் முதலில் இதைத்தான் கேளுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் தன் வீட்டு வாசல் சாக்கடையை மட்டும் பேசுவார்; அது சரியானதும் வருவதை நிறுத்திவிட்டார். இன்னொருவருக்குக் கான்ட்ராக்டர் மச்சான். அந்த வேலை பற்றிப் பேசும்போது கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் தூக்கம் போனது, ஒரே தெருவில் அல்லவா முகத்தில் விழிக்க வேண்டும். சொன்னேன். அவர் எழுந்து போனார். இப்போதும் பேசுகிறார், தைக்க மட்டும் வேறு கடைக்குக் கொடுக்கிறார்.

பங்களா வாங்கி வந்து குடியேறியிருக்கும் பெரிய மனிதர்களும் வரட்டும். கணினியில் வரைபடம் போடவும், ஆங்கிலத்தில் வந்த உத்தரவைப் படித்துச் சொல்லவும் அவர்கள் உதவியிருக்கிறார்கள், நன்றி. ஆனால் இந்த மலையை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினால் பாட்டிக்குப் பேச நேரம் இருக்காது. அதே மாதிரி, தோட்டத்தில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் குடும்பங்கள். இங்கே ஓட்டு இல்லாததால் அவர்கள் உறுப்பினராக முடியாது. ஆனால் தண்ணீர் வராத லைனில் இருப்பது அவர்கள்தான். என் பகுதியில் ஓர் அம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். அரைத் தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னார். அதுவும் எழுதப்பட்டது.

வாகன விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், 2025 ஏப்ரலில் இருந்து மலைக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலைக்கு எத்தனை வண்டி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் எந்தச் சந்தில் வண்டி நிற்கிறது என்பதை நாம்தான் சொல்ல முடியும்.

இப்போதுள்ள நகர்மன்றங்கள் 2022 பிப்ரவரி 19 தேர்தலில் வந்தவை, பதவிக்காலம் ஐந்து வருஷம். புது மன்றம் வரும்போது குழுக்களுக்கும் புதிதாகப் பெயர் எழுதுவார்கள். யார் ஜெயித்தாலும் எனக்குக் கவலை இல்லை, எல்லாக் கட்சிக்காரர்களும் என் கடையில்தான் தைக்கிறார்கள். ஆனால் அப்போது என்னை மறுபடி போடக் கூடாது. நான் பார்த்த வரைக்கும் போதும், என் முழங்காலும் 112 படியை ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில், ‘இன்ன வார்டு, இன்ன தெருவில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன், குழுவில் பணி செய்ய விருப்பம்’ என்று ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுதுங்கள். படிப்பு, பட்டம் எதுவும் வேண்டாம். உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி சேருங்கள்: மேஸ்திரி வேலை தெரியும், நர்சாக இருந்தேன், இந்தப் பக்கத்துக் குழாய் எல்லாம் எங்கே போகிறது என்று தெரியும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத நகல் வெறும் தாள்.

எழுத வராது என்றால் என் கடைக்கு வாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. தாளும் பேனாவும் கத்தரிக்கோல் டப்பாவில் வைத்திருக்கிறேன். வரும்போது ஒன்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது? படி எண்ணுகிறதாக இருந்தால் மேலிருந்து எண்ணுங்கள்.

இப்படிக்கு,
படிக்கட்டு முனைத் தையல்காரி